அஜீத் விமானத்த கம்பத்துல ஏத்தாதீங்க: காட்சிக்கூட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் எல்லாருக்கும்,

போன செவ்வாக்கிழம காலைல நம்ம விமானக் காட்சிக்கூடத்து கேட்டுல ஒட்டியிருந்த நோட்டீஸ நின்னு மூணு தடவ வாசிச்சேன். அஜீத் விமானத்த கடக்கரைக்கு கொண்டு போயி 18 அடி இரும்புக் கம்பத்து மேல நிறுத்தப் போறீங்களாம். கிரண் பயிற்சி விமானத்துக்க கண்ணாடி மூடிய கழட்டிட்டு ஆளுங்க ஏறி உக்காந்து செல்ஃபி எடுக்குற மாதிரி மாத்தப் போறீங்களாம். மிச்சம் இருக்குற இன்ஜின், மீட்டரு, டயரு, ஜாக்கி எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு, விமானங்க நிக்குற அந்த பழைய அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) கட்டடத்த வாடகைக்கு விடப் போறீங்களாம். 11 வருஷமா ஞாயித்துக்கிழம தோறும் அங்க வந்து தூசி தட்டுற எங்க யாருகிட்டயும் ஒரு வார்த்த கேக்கல.

ஃபோன்லயே பேசித் தீத்துக்கலாம்னு ரெண்டு தடவ கூப்பிட்டேன். "முடிவு எடுத்தாச்சு அண்ணாச்சி, இனி மாத்த முடியாது" ன்னு சொல்லிட்டீங்க. அதனாலதான் எல்லாரும் வாசிக்கட்டும்னு இங்க எழுதுதேன். உங்க மேல எனக்கு தனிப்பட்ட கோவம் கிடையாது. இந்த முடிவு மேலதான்.

நான் 1981ல விமானப்படையில ஏர்மேனா சேந்தவன். தாம்பரத்துல டிரெயினிங், டிரேடு ஏர்ஃபிரேம் ஃபிட்டர். விமானத்துக்க உடம்பு முழுக்க எங்க கையிலதான் இருக்கும், தகடு, ரிவெட்டு, வீலு, கண்ட்ரோல் ராடு எல்லாம். அஜீத் ஓடுன ஸ்குவாட்ரன்ல வேல பாத்தேன், அப்புறம் கிரண்ல, 20 வருஷம் முடிச்சு பென்சன் வாங்கிட்டு ஊருக்கு வந்தேன். இப்ப சொல்லப் போறது எல்லாம் கையில தொட்டுப் பாத்தது.

முதல்ல அந்த விமானம் என்னதுன்னு உங்க குழுவுல எத்தன பேருக்கு தெரியும்னு எனக்கு சந்தேகமா இருக்கு, ஏன்னா நோட்டீஸ்ல "பழைய போர் விமானம் 1" ன்னுதான் போட்டிருக்கு, பேரு கூட போடல. அது அஜீத். வெல்ல முடியாதவன்னு அர்த்தம். இங்கிலாந்துல ஃபோலண்ட் கம்பெனி செஞ்ச நாட் விமானத்த பெங்களூர்ல எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) முதல்ல லைசென்ஸ் வாங்கி தயாரிச்சாங்க, அப்புறம் நம்ம ஆளுங்களே அத திருத்தி, ரெக்கைக்குள்ளயே எண்ணெய் நிக்குற மாதிரி செஞ்சு, அதனால ரெக்கைக்கு அடியில எண்ணெய் டேங்கு தொங்குன எடத்துல ஆயுதம் மாட்ட முடியுற மாதிரி ஆக்கி, 1975ல பறக்க விட்டாங்க. மொத்தமே 100க்குள்ளதான் செஞ்சிருப்பாங்க. வேற எந்த நாட்டு விமானப்படையிலயும் அஜீத் கிடையாது. 1991ல நிப்பாட்டிட்டாங்க. அதுல ஒண்ணு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, ஒரு அண்டி ஆபீஸ் ஓட்டுக் கூரைக்கு கீழ நிக்குது.

அதோட முன்னோடி நாட் 1965 சண்டையில என்ன செஞ்சுதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. பாகிஸ்தான் கையில இருந்தது அமெரிக்கக்காரன் குடுத்த சேபர் ஜெட் விமானம். நாட் அதுக்கு முன்னால கொசு மாதிரி, பேருக்க அர்த்தமே கொசு மாதிரி ஒரு சின்ன பூச்சிதான். அந்த சின்ன விமானத்துக்கு சண்ட முடிஞ்சப்புறம் சேபர் ஸ்லேயர்னு, சேபரக் கொல்லுறவன்னு பட்டப்பேரு வந்துது. 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் ஏர்ஃபீல்டு மேல சேபர் விமானம் குண்டு போட்டுட்டு இருக்கும்போதே ரன்வேல ஓட்டி மேல ஏத்துனாரு நிர்மல்ஜித் சிங் செகோன், தனியா அத்தன பேரையும் எதுத்து நின்னு செத்தாரு. இந்திய விமானப்படையில பரம்வீர் சக்ரா வாங்குன ஒரே ஆளு அவருதான், இன்னைக்கு வரைக்கும். அவரு ஓட்டுனது நாட். அந்த நாட் குடும்பத்துலதான் நம்ம அஜீத் வருது.

2025 செப்டம்பர் 26ல மிக்-21க்கு சண்டிகர்ல விடை குடுத்தப்போ நம்ம ஊரு டீக்கடையில கூட டிவிய நிப்பாட்டி வச்சுப் பாத்தாங்க. 1963ல இருந்து பறந்த விமானம், பாக்க வேண்டியதுதான். அஜீத்துக்கு அப்பிடி ஒரு விடை கூட கிட்டல. பறந்து முடிஞ்சுது, பாதி எடைக்குப் போச்சு, மீதி அங்கங்க கேட்டு வாசல்ல நிக்குது. நம்ம கிட்ட இருக்குறது கூரைக்குள்ள இருந்துதுங்கிற ஒரே காரணத்தாலதான் இன்னைக்கும் கண்ட்ரோல் ஸ்டிக்க ஆட்டுனா வால் அசையுது. வேற எங்கயாவது போய் கம்பத்து மேல நிக்குற விமானத்துல அத செஞ்சு காட்டச் சொல்லுங்க.

இப்ப உப்புக்கு வாறேன். இதுதான் நான் எழுதுறதுக்கு முக்கியக் காரணம்.

விமானத் தகடு சுத்தமான அலுமினியம் இல்ல. சுத்த அலுமினியம் மெதுவா இருக்கும், வளையும். அதனால செம்பு, துத்தநாகம் எல்லாம் கலந்து பலமா ஆக்குவாங்க, பலம் கூடுன அளவுக்கு உப்பு பட்டா அரிக்குறதும் கூடும். அதுக்காக மேல மட்டும் பேப்பர் கனத்துக்கு சுத்த அலுமினியம் ஒட்டி வச்சிருப்பாங்க. அந்த மேல்தோல் எங்கயாவது கீறிப் போச்சுன்னா உப்பு உள்ள போயிடும். போனா வெளிய தெரியாது, உள்ளுக்குள்ள அடுக்கடுக்கா பிரிஞ்சு பரோட்டா மாதிரி உப்பி வரும், தட்டிப் பாத்தா சத்தம் மாறும், விரல் நகத்தால பிச்சா வெள்ளை வெள்ளையா உதிரும். அந்த கட்டத்துக்கு வந்துட்டா அத எவனாலயும் பழையபடி ஆக்க முடியாது, தகட்டையே வெட்டி மாத்தணும், அஜீத்துக்கு மாத்துத் தகடு இன்னைக்கு எந்த கடையிலயும் கிட்டாது.

அதுக்கு மேல இன்னொண்ணு. அலுமினியத் தகட்டுக்குள்ள ஸ்டீல் போல்ட்டு நிறைய இருக்குது. ரெண்டு வேற வேற உலோகம் ஒட்டி இருக்குற எடத்துல உப்புத் தண்ணி நின்னா பேட்டரி மாதிரி வேல செய்யும், அதுல அழியுறது அலுமினியம். வீலுக்க நடுப்பாகம், கியர் பாக்ஸ் கூடு மாதிரி எடத்துல எடை குறைக்கணும்னு மெக்னீசியம் கலந்த உலோகம் போடுறது உண்டு, அது உப்புல இன்னும் சீக்கிரமா போயிடும். சர்வீஸ்ல இருந்தப்போ கடல் பக்கத்து ஸ்டேஷன்ல நிக்குற விமானத்த நல்ல தண்ணில கழுவுறதுக்குன்னே தனி அட்டவணை உண்டு. அத்தன ஆளு, அத்தன சாமானம் இருந்தும் அரிப்போட சண்ட போட்டுட்டேதான் இருப்போம்.

உங்களுக்கு என்ன மேல நம்பிக்க இல்லன்னா கொளச்சல்லயோ முட்டத்துலயோ போய் ஒரு வள்ளக்காரன கேளுங்க, கடல்ல இருந்து வந்தவுடனே அவுட்போர்டு இன்ஜின நல்ல தண்ணில கழுவாம வைப்பானான்னு. ஏன், நம்ம கன்னியாகுமரியில திருவள்ளுவர் சிலைய பாருங்க. 133 அடி, முழுக்க கல்லு. அந்த கல்லுக்கே கடல் உப்பு ஆகாதுன்னு சில வருஷத்துக்கு ஒரு தடவ சாரம் கட்டி, காகிதக் கூழ பூசி உப்ப உறிஞ்சி எடுத்துட்டு, அப்புறம் ரசாயனப் பூச்சு போடுதாங்க. கல்லுக்கே அப்பிடின்னா பேப்பர் கனத்துல தோல் இருக்குற விமானத்துக்கு என்ன கதி? உங்க நோட்டீஸ்ல பராமரிப்புன்னு ஒரு வரி கூட இல்லையே. 18 அடி உயரத்துல நிக்குற விமானத்த யாரு, எதுல ஏறி, எந்த தண்ணில, மாசம் எத்தன தடவ கழுவப் போறாங்க?

இது கற்பனைக் கவலை இல்ல. கிரணுக்கு நடந்தது உங்களுக்கே தெரியும், ஆனா மறந்துட்டீங்கன்னு தோணுது. ஒரு கோடை விடுமுறைக் கண்காட்சிக்காக 3 மாசத்துக்குன்னு சொல்லி கிரண கடக்கரைக்கு கொண்டு போனீங்க. 14 மாசம் கழிச்சுதான் திரும்பி வந்துது. வந்த அன்னைக்கு நான் நோட்டுல எழுதி வச்சது இப்பவும் எனக்க கையில இருக்கு. வயித்துப் பக்கத் தகட்டுல 23 எடத்துல பெயிண்டு கொப்பளிச்சிருந்துது. ரிவெட்டு தலையில எல்லாம் வெள்ளைப் பொடி. ஒரு வீல் நடுப்பாகம் விரல் வச்சு அமுக்குனா உதிர்ந்துது. கண்ணாடி மூடி முழுக்க சிலந்தி வலை மாதிரி கீறல் விட்டுப் போச்சு, வெயிலு செஞ்ச வேல. காத்து உள்ள போற வாய்க்குள்ள மைனா கூடு, பறவை எச்சம், அதுவும் அமிலம்தான், தகட்டத் திங்கும். மூக்குப் பக்கத்துல சாவியால கீறி எழுதுன பேரு நாலோ அஞ்சோ. காத்துவேகம் அளக்குற பிட்டோ குழாய எவனோ ஒடிச்சிட்டான்.

இதவிட எனக்கு வருத்தம் எதுலன்னா, திரும்பி அனுப்புறதுக்கு முன்னால யாரோ ஒரு பெயிண்டர விட்டு, கம்பி பிரஷால தேச்சு, மேல கேட்டுக்கு அடிக்குற சில்வர் எனாமல அடிச்சு விட்டிருந்தீங்க. கம்பி பிரஷு அலுமினியத்துல படவே கூடாது, இரும்புத் தூளு தகட்டுல பதிஞ்சு அங்க இருந்து புதுசா அரிப்பு தொடங்கும். வெள்ளைப் பொடிய எடுக்காம மேல பெயிண்டு அடிச்சா நோய உள்ள வச்சு தச்ச மாதிரி. அதுவும் போகட்டும், வால்ல இருந்த நம்பர் போச்சு. அந்த நம்பர வச்சுதான் ஒரு விமானம் எந்த வருஷம் செஞ்சது, எந்த ஸ்குவாட்ரன்ல இருந்துது, யாரு ஓட்டுனாங்கன்னு தேட முடியும். நம்பர் இல்லாத விமானம் ஊரு பேரு தெரியாத பிணம் மாதிரி. பழைய ஃபோட்டோ ஒண்ணு எங்க கூட வேல பாத்த ஒருத்தரு கிட்ட இருந்ததால நம்பர மறுபடி எழுதுனோம். அஞ்சு பேரு, எட்டு மாசம், ஞாயித்துக்கிழமயா வந்து நைலான் பிரஷு, நல்ல தண்ணி, அரிப்பு எடுக்குற திரவம், பிரைமர்னு கிரண ஒரு நிலைக்கு கொண்டு வந்தோம். அந்த எட்டு மாசத்துல குழுவுல இருந்து ஒருத்தர் கூட வந்து எட்டிப் பாக்கல. இத குத்தமா சொல்லல, நடந்தத சொல்லுதேன்.

அந்த 14 மாசம் கிரண் தரையிலதான் நின்னுது. அஜீத்த நீங்க காத்துல தூக்கி நிறுத்தப் போறீங்க.

காத்தப் பத்தி நம்ம மாவட்டத்துக்காரனுக்கு நான் சொல்லணுமா. ஆரல்வாய்மொழி கணவாயில அடிக்குற காத்துக்குதான் முப்பந்தல்ல அத்தன மின்சாரக் காத்தாடி நட்டு வச்சிருக்கு. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். அன்னைக்கு நம்ம ஊருல ரப்பர் மரம், வாழை, கரண்டு கம்பம் எல்லாம் எப்பிடி விழுந்துதுன்னு நாம கண்ணால பாத்தோம், கடல்ல போனவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. அஜீத்துக்க வெறும் எடை 2.3 டன் அளவுதான், இன்ஜின கழட்டிட்டா அதுவும் குறையும். நீளம் 9 மீட்டர், நம்ம டவுன் பஸ்ஸ விட சின்னது. அதுக்க ரெக்க முதுகு மேல ஒரே துண்டா உக்காந்திருக்கும், அந்த ரெக்கயோட வேலையே காத்து அடிச்சா உடம்ப மேல தூக்குறது. செத்துப் போன விமானம்னு காத்துக்கு தெரியாது, காத்து அடிச்சா ரெக்க தூக்கத்தான் பாக்கும். கம்பத்த எங்க வெல்டிங் வைக்கப் போறீங்க, வயித்துலயா? வயித்துல பலமான எடம் எது, வெறும் தகடு எதுன்னு பாத்துச் சொல்ல யாரு இருக்கா? இப்பிடி ஒரு டிசைன ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் யாராவது பாத்து கையெழுத்து போட்டிருக்காரா? கீழ பிள்ளைங்க ஓடி விளையாடுற எடம் அது.

ஃபோன்ல செயலாளர் ஒண்ணு சொன்னாரு, விசாகப்பட்டினத்துல பீச் ரோட்டுல கடற்படையோட பழைய டி.யு.-142 விமானத்த வச்சிருக்காங்களே, அங்க கூட்டம் அலமோதுதே, நாம ஏன் செய்யக் கூடாதுன்னு. நியாயமான கேள்விதான், பதில் சொல்லுதேன். அங்க விமானம் தரையில நிக்குது, டிக்கெட் எடுத்து உள்ள போய் பாக்கலாம், பக்கத்துலயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலும் மியூசியமா இருக்கு. எல்லாத்துக்கும் மேல அது கிழக்குக் கடற்படைத் தலைமையகம் இருக்குற ஊரு, விமானம் தெரிஞ்ச ஆளு கூப்பிடு தூரத்துல இருக்கான். கோவாவுல கடற்படை விமான மியூசியத்துலயும் விமானம் வெளிய நிக்குது, ஆனா அத நடத்துறது கடற்படை. நம்ம ஊருல அந்த வேலைக்கு இருக்குறது பென்சன் வாங்குன ஒம்பது பேரு, எங்களுக்கு 18 அடி ஏற வயசு இல்ல.

பேரு பெருசா இருந்தா மட்டும் பொருள் நிலைக்காதுங்கிறதுக்கும் ஒரு சாட்சி இருக்கு. ஐ.என்.எஸ். விக்ராந்த், 1971 சண்டையில கிழக்குப் பக்கம் நின்ன விமானந்தாங்கிக் கப்பல், 1997ல ஓய்வு குடுத்து மும்பையில மியூசியமா வச்சாங்க. பராமரிக்க முடியலன்னு 2012ல மூடி 2014ல உடைச்சுட்டாங்க. அந்த இரும்புல கொஞ்சத்த உருக்கி அப்புறம் பைக்கு செய்ய எடுத்தாங்க. அவ்வளவு பெரிய கப்பலுக்கே அதுதான் முடிவுன்னா, நம்ம 9 மீட்டர் விமானம் நாலு மழைக்காலம் கடக்கரையில நின்னப்புறம் நேரா ஆக்கர் கடைக்கு, பழைய இரும்புக் கடைக்குதான் போகும்.

ஆக்கர் கடைன்னு சொல்லும்போது அந்த மீட்டருங்களப் பத்தி ஒரு எச்சரிக்க. பழைய காலத்து விமான மீட்டருல இருட்டுல முள்ளு தெரியணும்னு ரேடியம் கலந்த பெயிண்டு பூசுறது உண்டு. நம்ம அலமாரியில இருக்குறதுல எதுல அது இருக்கு, எதுல இல்லன்னு கருவி வச்சு அளந்து பாக்காம எடைக்குப் போட்டா, அத உடைக்குற பையன் கையில, மூச்சுல போகும். கதிர்வீச்சு உள்ள மணவாளக்குறிச்சி கடல் மணலுக்குப் பக்கத்துல வாழுற நமக்கு கதிர்வீச்சுன்னா என்னன்னு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். அதே மாதிரி கிரண்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு எஜெக்‌ஷன் சீட்டு இருக்கு, ஆபத்துல பைலட்ட வெடிச்சு வெளிய தூக்கி எறியுற சீட்டு. அதுல உள்ள வெடிமருந்து எல்லாம் எடுத்தாச்சுன்னு எழுத்துல பேப்பர் இல்லாம ஒரு பிள்ளையக் கூட அதுல உக்கார வைக்கக் கூடாது. அந்த பேப்பர் குழு ஃபைல்ல இருக்கணும், நான் கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, இன்னும் காட்டல.

சரி, யாரும் வர மாட்டேங்குதாங்க, கரண்டு பில்லு கட்ட முடியலங்கிறது உங்க வாதம். அது உண்மைதான், நான் மறுக்கல. ஆனா ஏன் வர மாட்டேங்குதாங்க? ஞாயித்துக்கிழம 10 மணில இருந்து 1 மணி வரைக்கும்தான் தொறக்குது. மெயின் ரோட்டுல ஒரு போர்டு கிடையாது, பஸ்ஸுல வாறவனுக்கு எங்க எறங்கணும்னே தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு ஒரு கடுதாசி போட்டது கிடையாது. பத்மநாபபுரம் அரண்மனைய பாருங்க, மரத்துல கட்டுனது, நானூறு வருஷம் பழசு, செருப்ப கழட்டிட்டுதான் உள்ள விடுதாங்க, ஒரு தூணத் தொடாதன்னு சொல்ல ஆளு நிக்குது, அப்பிடியும் கூட்டம் கூட்டமா வாறாங்க. பாதுகாத்து வச்சாலே ஜனம் வரும். பொருள பொருளா வச்சுக் காட்டணும், அவ்வளவுதான்.

வந்த பிள்ளைங்க எப்பிடி பாக்குதுன்னு நீங்க ஒரு ஞாயித்துக்கிழம வந்து நின்னுருந்தா இந்த முடிவு எடுத்திருக்க மாட்டீங்க. ராஜாக்கமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு எட்டாம் வகுப்பு பிள்ள வந்துது, அதுக்க அப்பா வள்ளத்துக்கு ஃபைபர் வேல செய்யுறவரு. அஜீத்துக்க ரெக்க ஓரத்த தடவிப் பாத்துட்டு, "இங்க ஆணித் தலை உள்ள புதஞ்சிருக்கு, பின்னால மட்டும் ஏன் மொட்டு மொட்டா வெளிய நிக்குது" ன்னு கேட்டுது. நான் டிரெயினிங்ல ஆறு மாசம் கழிச்சு கேட்ட கேள்வி அது. காத்து வழுக்கிட்டு போக வேண்டிய எடத்துல தலைய புதைச்சு அடிப்போம், அவ்வளவு அவசியம் இல்லாத எடத்துல வேல சுலபம்னு மொட்டுத் தலைய விடுவோம்னு சொன்னேன். அப்ப எங்க அப்பாவும் வள்ளத்துக்கு முன் பக்கத்ததான் ரொம்ப நேரம் தேய்ப்பாருன்னு சொல்லிச்சு. அடுத்து வீலுக்கு வந்துது. அஜீத்ல வீல் கதவே காத்து பிரேக்கா வேல செய்யும், பறக்கும்போது வேகத்த குறைக்க வீல கொஞ்சமா கீழ எறக்குனா போதும், தனி பிரேக்குக்கு எடையும் மிச்சம் இடமும் மிச்சம். அத கையால எறக்கிக் காட்டுனப்போ அந்த பிள்ள தரையில படுத்து அடியில இருந்து பாத்துது. அரை மணி நேரம் எந்திரிக்கல. இத எல்லாம் 18 அடி கம்பத்துக்கு கீழ நின்னு எந்தப் பிள்ளைக்கு நான் காட்ட முடியும்?

கலாம் அய்யா குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிக்கும்போது காலேஜுல ரெண்டு ஓய்வு பெற்ற விமானம் நிப்பாட்டி வச்சிருந்தாங்க, மத்த பையங்க ஹாஸ்டலுக்குப் போனப்புறமும் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்னு அவரே எழுதியிருக்காரு. விமானத்த உள்ள திறந்து காட்டுறதுக்குன்னு வச்ச விமானம் அது. அதே எம்.ஐ.டி.யிலதான் நம்ம மாவட்டத்து சிவன் ஏரோநாட்டிக்ஸ் படிச்சு இஸ்ரோ தலைவரானாரு. 2025ல அந்த நாற்காலிக்கு வந்த நாராயணனும் நம்ம மாவட்டம்தான். மகேந்திரகிரி நமக்கு மலைக்கு அந்தப் பக்கம், ராக்கெட் இன்ஜின் சோதிக்குற எடம். இப்பிடி ஒரு மண்ணுல, பிள்ளைங்க தொட்டுப் பாக்க கையெட்டுற தூரத்துல இருக்குறது இந்த ரெண்டு விமானம், ஒரு ஆர்ஃபியஸ் ஜெட் இன்ஜின். அந்த இன்ஜின் பிளேடுல எத்தன வரிசைன்னு எண்ணிப் பாக்கச் சொல்லி பிள்ளைங்கள விட்டா ஒரு மணி நேரம் சத்தமே இருக்காது. அதத்தான் கிலோ கணக்குல விக்கப் போறீங்க.

இனி நான் கேக்குறத நேரா சொல்லிடுதேன்.

அஜீத்த கம்பத்துல ஏத்துற முடிவ குழுவக் கூட்டி எழுத்துல ரத்து பண்ணுங்க. ஒத்தி வைக்குறோம்னு சொல்ல வேண்டாம், கிரண 3 மாசம்னு சொல்லி கொண்டு போனத நாங்க இன்னும் மறக்கல. எடைக்குப் போடுற பட்டியல நிப்பாட்டுங்க, ஒரு மீட்டரு, ஒரு ஜாக்கி கூட கேட்ட விட்டு வெளிய போகக் கூடாது, என்னென்ன இருக்குன்னு நாங்க ஒம்பது பேரும் உங்க ஆளு ஒருத்தரும் சேந்து உக்காந்து பட்டியல் போடுவோம், ஒரு நகல் உங்களுக்கு, ஒரு நகல் எங்களுக்கு. விமானத்த வாங்குனப்போ விமானப்படையோட போட்ட ஒப்பந்தத்துல இத எப்பிடி வைக்கணும், யாரு அனுமதி இல்லாம என்ன செய்யக் கூடாதுன்னு எழுதியிருக்கும், அதையும் எஜெக்‌ஷன் சீட்டு வெடிமருந்து பேப்பரையும் எல்லாருக்கும் காட்டுங்க. அதுல இந்த கம்ப யோசனைக்கு எடம் இல்லன்னா அதோட இந்த பேச்சு முடிஞ்சுது.

கடக்கரைக்கு ஒரு விமானம் வேணும்னா ஃபைபர்ல அதே அளவுல மாதிரி செய்யலாம், நம்ம மாவட்டத்துல ஃபைபர் வள்ளம் செய்யுற ஆளுக்கா பஞ்சம். உப்பும் காத்தும் அத தின்னட்டும், பிள்ளைங்க அதுல ஏறிக் குதிக்கட்டும், அளவு எடுக்க எங்க ஷெட்டுக்கு வரட்டும், நானே டேப் புடிச்சு குடுக்குதேன். அதுக்க கீழ ஒரு போர்டு வையுங்க, நிஜ விமானம் எங்க இருக்குன்னு, எந்த பஸ்ஸு போகும்னு.

ஷெட்ட வாரத்துல மூணு நாளாவது தொறக்க விடுங்க. ஆளு நாங்க நிப்போம், சம்பளம் வேண்டாம். அஜீத்துக்க இடது ரெக்கைக்கு நேர் மேல ஓடு உடைஞ்சு போன சித்திரையில இருந்து ஒழுகுது, அடியில நாங்க ஒரு தார்ப்பாய கட்டி வச்சிருக்கோம், அதுவும் கிழிய ஆரம்பிச்சாச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால அத மாத்தணும். ஓட்டுக்கு காசு கேக்கல, 60 ஓடு வாங்கி எனக்க வீட்டு முத்தத்துல அடுக்கி வச்சிருக்கு, ஏறுறதுக்கு ஆளும் சொல்லி வச்சாச்சு. நோட்டீஸ் ஒட்டுன அன்னைக்கு நீங்க பூட்ட மாத்திட்டீங்க. வாற சனிக்கிழமைக்குள்ள சாவிய குடுத்து விடுங்க.

இப்படிக்கு,
ஞாயித்துக்கிழம ஷெட்டுல நிக்குற ஒம்பது பேருக்காக, ஒரு பழைய ஏர்ஃபிரேம் ஃபிட்டர்